வேலை மாறியாயிற்று, வீடு மாறியாயிற்று, குழந்தையும் வரப்போகிறது: ஜப்பானில் எந்தப் பதிவை முதலில் முடிப்பது?

கேள்வி: டோக்கியோ எடோகவா வார்டில் நான்கு வருடம் இருந்தேன். ஐ.டி. வேலை, இன்ஜினியர் விசா. மனைவி டிபெண்டென்ட் விசாவில் இருக்கிறார். மார்ச் 30-ஆம் தேதி பழைய கம்பெனியை விட்டு, ஏப்ரல் 1-ஆம் தேதி புதுக் கம்பெனியில் சேர்ந்தேன். மே 17-ஆம் தேதி கவாசாகி நகரில் நகஹாரா வார்டுக்குக் குடிவந்தோம். வேலைப்பளுவில் இரண்டையும் இன்னும் எங்கேயும் தெரிவிக்கவில்லை. இப்போது ஜூன் நடுப்பகுதி. ஆகஸ்ட் கடைசியில் மனைவிக்குப் பிரசவம், கவாசாகியிலேயே. எங்கள் சைரியு கார்டு, அதாவது குடியிருப்பு அட்டை, அடுத்த பிப்ரவரி 12-ஆம் தேதியோடு முடிகிறது. பொங்கலுக்குக் குழந்தையை ஊருக்கு அழைத்து வரச் சொல்லி அம்மா கேட்கிறார். எதை முதலில் செய்வது? தாமதத்துக்கு என்ன தண்டனை? குழந்தைக்கு என்னென்ன காகிதம் வேண்டும்? "நேற்றுதான் குடிவந்தேன் என்று வார்டு ஆபீஸில் சொல்லிவிடு" என்கிறார் நண்பர். சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கவாசாகி

பதில்:

நண்பர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். முகவரி மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் குடிவரவுச் சட்டப்படி 2 லட்சம் யென் வரை அபராதம். குடியிருப்போர் பதிவுச் சட்டப்படி தனியாக 50,000 யென் வரை போடலாம். ஆனால் பொய்த் தேதி கொடுத்தால் கதையே வேறு. அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் யென் வரை அபராதம். வாடகை ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, மின் இணைப்பில் இருக்கிறது, கம்பெனியில் பயணப்படிக்கு எழுதிக் கொடுத்த படிவத்திலும் இருக்கிறது. பிப்ரவரியில் விசா புதுப்பிக்கும்போது இதில் ஏதாவது ஒன்று எதிரே வந்து நிற்கும். ஒரு மாதத் தாமதத்துடன் முதல் தடவை வருகிறவரிடம் கவுண்டரில் காரணம் கேட்பார்கள், சில இடங்களில் எழுதித் தரச் சொல்வார்கள். அந்தக் காகிதம் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு தபாலில் அபராத உத்தரவு வருவதும் உண்டு. வந்தால் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்களுக்கு உண்மையான எல்லைக்கோடு வேறொன்று. பழைய முகவரியை விட்டு 90 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்காவிட்டால், தகுந்த காரணம் இல்லாத பட்சத்தில் குடியிருப்பு அனுமதியையே ரத்துசெய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. மே 17-ஐக் கணக்கில் வைத்தால் ஆகஸ்ட் நடுவில் அந்த 90 நாள் முடிகிறது. பிரசவ நேரமும் அதுதான். அதனால் இந்த வாரமே அரைநாள் விடுப்பு எடுங்கள்.

முகவரிதான் முதல் வேலை. கம்பெனி மாற்றத்தைவிட இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஜூமின்ஹ்யோ என்கிற குடியிருப்புப் பதிவை வைத்துத்தான் ஜப்பானில் மற்ற எல்லாமே நடக்கிறது. 2012 ஜூலை 9-ஆம் தேதி பழைய வெளிநாட்டவர் பதிவு முறையை எடுத்துவிட்டு சைரியு கார்டைக் கொண்டுவந்தபோது, வெளிநாட்டவரையும் ஜப்பானியரோடு ஒரே குடியிருப்புப் பதிவேட்டில் சேர்த்தார்கள். கம்பெனி மாற்றப் படிவத்தில் முகவரி எழுத வேண்டும், குழந்தையின் விண்ணப்பத்துக்குக் குடும்பம் முழுவதும் உள்ள ஜூமின்ஹ்யோ வேண்டும், குழந்தைக்கான உதவித்தொகை அந்தப் பதிவு இருக்கும் ஊரில்தான் கிடைக்கும்.

வேறு நகரத்துக்குப் போகும்போது இரண்டு படி. முதலில் எடோகவாவில் வெளியேறும் அறிவிப்பு, அதாவது தென்ஷுத்சு. அவர்கள் தரும் சான்றோடு நகஹாரா வார்டு ஆபீஸில் குடிவரும் அறிவிப்பு, தென்ன்யூ. அரசு தரும் அடையாள அட்டையான மை நம்பர் கார்டு இருந்தால் முதல் படியை ஆன்லைனில் முடிக்கலாம், ஆனால் வீடு மாறிச் சில நாள் போனதுமே அந்த வழி அடைத்துவிடும். உங்களுக்கு நேரில் போவது, இல்லை தபாலில் அனுப்புவது என்ற இரண்டுதான் மிச்சம். நேரிலேயே போங்கள். எடோகவாவில் உங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, கீழே சொல்கிறேன். நகஹாராவுக்கு உங்கள் கார்டு, மனைவியின் கார்டு, இருவரின் மை நம்பர் கார்டு, அதன் நான்கு இலக்க ரகசிய எண், பாஸ்போர்ட், திருமணச் சான்றின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். மனைவி வர முடியாவிட்டாலும் அவருடைய கார்டு வந்தாக வேண்டும். கார்டின் பின்புறம் புது முகவரியை அச்சடித்துத் தருவார்கள். அதோடு குடிவரவுத் துறைக்கும் தெரிவித்ததாகக் கணக்கு, முகவரிக்காக இமிக்ரேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம்.

அதே நாள் அதே கட்டடத்தில் போஷி தெச்சோ என்கிற தாய்சேய் கையேட்டைக் காட்டி, கர்ப்பகாலப் பரிசோதனைக் கூப்பன்களை மாற்றிக்கொள்ளுங்கள். கையேடு நாடு முழுக்கச் செல்லும், கூப்பன் அப்படியில்லை. எடோகவா கொடுத்தது எடோகவாவில் குடியிருப்பவருக்கு. குடிமாறிய பிறகும் பழையதையே நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரக்கூடும்.

அடுத்தது கம்பெனி. இன்ஜினியர் விசாவில் இருப்பவர் கம்பெனியை விட்டு விலகினாலும், புதிதாகச் சேர்ந்தாலும் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்கு அவரேதான் தெரிவிக்க வேண்டும். கம்பெனி எச்.ஆர். பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். எச்.ஆர். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்புவது வேறு அறிவிப்பு, அது உங்கள் கடமையைத் தீர்க்காது. தெரிவிக்காததற்கு இங்கும் 2 லட்சம் யென் வரை அபராதம் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதைவிட வலிப்பது விசா புதுப்பிப்பில் குறைவான வருடம் கிடைப்பதும், பின்னால் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு கேட்கும்போது "கடமைகளை ஒழுங்காகச் செய்திருக்கிறாரா" என்ற இடத்தில் இது உறுத்துவதும்தான்.

விலகியது, சேர்ந்தது இரண்டையும் ஒரே படிவத்தில் எழுதலாம். குடிவரவுத் துறையின் மின்னணு அறிவிப்புத் தளத்தில் பயனர் பதிவு செய்து அனுப்பலாம், அல்லது படிவத்தோடு கார்டின் நகலை வைத்துத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் இல்லை. பழைய கம்பெனி, புதுக் கம்பெனி இரண்டின் சட்டப்பூர்வப் பெயரும் தலைமை முகவரியும் வேண்டும். கம்பெனிகளுக்கென்று 13 இலக்க எண் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினம் போய் உட்காரும் வாடிக்கையாளர் அலுவலகத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள், ஒப்பந்தம் யாரோடு இருக்கிறதோ அவர்கள் பெயர்தான் போக வேண்டும். தாமதம் என்பதால் தேதியை மாற்றாதீர்கள், மார்ச் 30, ஏப்ரல் 1 என்றே எழுதுங்கள். ஏற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலையோ எண்ணையோ பிரதி எடுத்து வையுங்கள். டிபெண்டென்ட் விசாவில் இருக்கும் மனைவிக்கு இந்த அறிவிப்பு எதுவும் கிடையாது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கார்டின் முன்புறம் 'உயர்திறன் நிபுணர்' என்று இருந்தால் மேலே சொன்னது போதாது. அந்த விசா கம்பெனியோடு கட்டப்பட்டது, கம்பெனி மாறினால் வேலையில் சேருவதற்கு முன்பே புது அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உங்களுடையது சாதாரண இன்ஜினியர் விசா என்று எழுதியிருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டதே அந்த மார்ச் 30-தான். ஒரு நாள்தானே இடைவெளி என்று தோன்றும். ஜப்பானியச் சமூகக் காப்பீட்டில் அந்த ஒரு நாள் ஒரு முழு மாதம் ஆகிவிடும். கம்பெனியின் காப்பீட்டுத் தகுதி விலகிய மறுநாள் இழக்கப்படுகிறது. இழந்த நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ, அந்த மாதத்துக்குக் கம்பெனி சந்தா பிடிக்காது. மார்ச் 30-இல் விலகினால் இழந்த நாள் மார்ச் 31, ஆகவே மார்ச் மாதச் சந்தா இல்லை. மார்ச் 31-இல் விலகியிருந்தால் இழந்த நாள் ஏப்ரல் 1, மார்ச் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த விடுபட்ட மார்ச்சுக்கு நீங்கள் கொகுமின் நென்கின் என்கிற தேசிய ஓய்வூதியத்தில் சேர்ந்து சந்தா கட்ட வேண்டும், தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் ஒரு மாதம் வரும். உங்கள் சந்தாவின் நிழலில் இருந்த மனைவியும் அந்த மாதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியவராகிறார். தேசிய ஓய்வூதியச் சந்தா 2024-25 நிதியாண்டில் ஆளுக்கு மாதம் 16,980 யென், 2025-26-இல் 17,510 யென். இரண்டு பேர் என்றால் இரட்டிப்பு.

பதறுவதற்கு முன், பழைய கம்பெனி கொடுத்த விலகல் சான்றை எடுத்துப் பாருங்கள். கடைசியாக வேலைக்குப் போனது 30-ஆம் தேதி, காகிதத்தில் விலகியது 31-ஆம் தேதி என்று இருப்பது சகஜம். அப்படியானால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். காகிதத்திலும் 30 என்றே இருந்தால், எடோகவாவுக்கு வெளியேறும் அறிவிப்புக்காகப் போகும் அன்றே, மார்ச்சில் அங்கே குடியிருந்தவர் என்ற முறையில் ஓய்வூதியம், காப்பீடு இரண்டு கவுண்டரிலும் சொல்லி, அந்த மாதத்தைப் பதிவு செய்யுங்கள். பழைய கம்பெனியின் காப்பீட்டுத் தகுதி இழப்புச் சான்று, புதுக் கம்பெனியின் காப்பீடு தொடங்கிய தேதிக்கான அத்தாட்சி இரண்டும் வேண்டும். ஓய்வூதியச் சந்தாவை இரண்டு வருடம் வரை பின்னோக்கிக் கட்டலாம். ஆனால் பி.ஆர். விண்ணப்பத்தில் கடந்த இரண்டு வருடச் சந்தாக்களைக் கட்டினீர்களா என்பதோடு, கெடுவுக்குள் கட்டினீர்களா என்றும் பார்க்கிறார்கள். எனவே பி.ஆர். திட்டம் இருந்தால் இந்த மார்ச் அந்த இரண்டு வருடக் கணக்கிலிருந்து வெளியே போகும்வரை பொறுத்திருப்பது நல்லது. ஏப்ரல் முதல் மனைவியை மறுபடி உங்களைச் சார்ந்தவராகப் புதுக் கம்பெனி பதிந்திருக்கிறதா என்பதையும் எச்.ஆரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சிலர் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டு ஓய்வூதியப் படிவத்தை விட்டுவிடுகிறார்கள்.

வரியிலும் ஒரு முடிச்சு. குடியிருப்பு வரி ஜனவரி 1-ஆம் தேதி எங்கே பதிவில் இருந்தீர்களோ அந்த ஊருக்குச் சேரும். இந்த வருட வரி எடோகவாவுடையது. விசா புதுப்பிக்கும்போது கேட்கும் வரிவிதிப்புச் சான்றும் வரி கட்டிய சான்றும் எடோகவாதான் தரும், கவாசாகியில் போய்க் கேட்டால் "எங்களிடம் இல்லை" என்பார்கள். புதுக் கம்பெனி சம்பளத்தில் பிடிக்க ஏற்பாடு செய்யவில்லையென்றால் ஜூனில் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும், அதுவும் பழைய வீட்டுக்கு. தபால் நிலையத்தில் திருப்பிவிடும் மனு கொடுத்திருந்தாலும் 'திருப்பி அனுப்ப வேண்டாம்' என்று அச்சடித்த அரசு உறைகள் அனுப்பியவருக்கே போய்விடும். எடோகவா போகும் அன்று வரிக் கவுண்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரே கட்டடத்தில் மூன்று கவுண்டர்.

இப்போது குழந்தை. ஜப்பானில் பிறப்பதால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை வராது, பெற்றோரில் ஒருவராவது ஜப்பானியராக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் குழந்தை பிறந்த நாள் முதல் இங்கே ஒரு வெளிநாட்டவர். அதற்கென்று ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கணக்குக்காக ஆகஸ்ட் 26-இல் பிறப்பதாக வைத்துக்கொள்வோம்.

பிறப்பு அறிவிப்புக்கு 14 நாள், பிறந்த நாளையும் சேர்த்து. அதாவது செப்டம்பர் 8. மருத்துவமனை தரும் படிவத்தின் வலது பாதியை மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திடுவார், இடது பாதி உங்களுடையது. பிறந்த ஊரிலும் கொடுக்கலாம் என்றாலும் நகஹாரா வார்டு ஆபீஸிலேயே கொடுங்கள், மீதி வேலைகளும் அங்கேயே முடியும். இரவிலும் விடுமுறையிலும் காவல் கவுண்டரில் படிவத்தை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் உதவித்தொகை, மருத்துவ அட்டை எதுவும் அப்போது நடக்காது, இன்னொரு தடவை போக வேண்டியிருக்கும்.

இடது பாதியில் பெயர்தான் நம்மவர்களை மாட்டிவிடுகிற இடம். ஊரில் நட்சத்திரம் பார்த்து, ஜோசியர் எழுத்துச் சொல்லி, பெரியவர்கள் கூடிப் பெயர் வைக்க ஒரு மாதம் ஆகலாம். இங்கே இருப்பது 14 நாள். பெயர் முடிவாகவில்லை என்று அறிவித்துவிட்டுப் பின்னால் சேர்க்கும் வழி இருந்தாலும், அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு சான்றிலும் அந்த ஒட்டு தெரியும். பிறந்த வாரத்திலேயே பெயரை முடித்துத் தரும்படி ஊரில் இப்போதே சொல்லி வையுங்கள்.

பெயரை, வெளிநாட்டுச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் எழுதி, கீழே ரோமன் எழுத்தையும் எழுத வேண்டும். ரோமன் எழுத்தை விட்டுவிட்டால் பின்னால் கார்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று வந்து நிற்கும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். உங்கள் பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் செந்தில்குமார், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் அப்பா பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் இருப்பவர் இயல்பாகக் குழந்தைக்கும் முருகேசன் என்றே குடும்பப் பெயர் போடப் பார்ப்பார். நம் வழக்கப்படி குழந்தைக்கு வரவேண்டியது செந்தில்குமார். எங்கள் நாட்டில் அப்பாவின் பெயரே பின்பெயர் என்று விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள், எழுதித் தரச் சொன்னால் எழுதிக் கொடுங்கள். எது வேண்டுமோ அதை நீங்களும் மனைவியும் முன்பே முடிவுசெய்து, ஒரு காகிதத்தில் ரோமன் எழுத்தில் கொட்டை எழுத்தாக எழுதி எடுத்துப்போங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் வரப்போகும் அதே எழுத்துக்கூட்டல், அதே இடைவெளி. கட்டகானாவையும் ஒரே மாதிரி வையுங்கள். ஓர் இடத்தில் நெடிலும் இன்னோர் இடத்தில் குறிலும் எழுதினால் காப்பீடு, வங்கி, மருத்துவமனை மூன்றிலும் மூன்று குழந்தைகள் ஆகிவிடும்.

அங்கேயே பிறப்பு அறிவிப்பின் விவரங்கள் அடங்கிய சான்றை, கிசாய் ஜிகோ ஷோமெய்ஷோ என்று கேட்டு, மூன்று பிரதி வாங்குங்கள். ஒன்று 350 யென். ஒன்று இமிக்ரேஷனுக்கு, ஒன்று இந்தியத் தூதரகத்துக்கு, ஒன்று கையில். குழந்தையும் சேர்ந்த ஜூமின்ஹ்யோவும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உதவித்தொகைக்கு அன்றே மனு கொடுங்கள். மூன்று வயதுவரை முதல் குழந்தைக்கு மாதம் 15,000 யென், 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பு கிடையாது. பிறந்த மறுநாளிலிருந்து 15 நாளுக்குள், நம் கணக்கில் செப்டம்பர் 10-க்குள், கொடுத்தால் செப்டம்பர் மாதத்திலிருந்து வரும். 11-ஆம் தேதி கொடுத்தால் ஒரு மாதம் போச்சு. பிரசவத்துக்கான 5 லட்சம் யென் உதவி கம்பெனியின் காப்பீடு வழியாக மருத்துவமனைக்கே நேராகப் போகும், அதற்கு மருத்துவமனை நீட்டும் ஒப்புதல் காகிதத்தில் கையெழுத்திட்டால் போதும். குழந்தையை உங்கள் காப்பீட்டில் சேர்க்க அதே வாரம் எச்.ஆரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கெடு 30 நாள். குழந்தைக்குக் குடியிருப்பு அனுமதி கேட்டு இமிக்ரேஷனில் விண்ணப்பிக்க வேண்டும். பிறந்து 60 நாள்வரை எந்த அனுமதியும் இல்லாமல் இருக்கலாம், அதைத் தாண்டி இருக்கப்போகிறவர் முதல் 30 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் செப்டம்பர் 24-ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வார்டு ஆபீஸில் பதிந்தாயிற்று, மை நம்பர் வந்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. வார்டு ஆபீஸ் பதிவு 60 நாளுக்கான தற்காலிகப் பதிவுதான். அதற்குள் அனுமதி வாங்காவிட்டால், அக்டோபர் கடைசி வாரத்தில் உங்கள் இரண்டு மாதக் குழந்தை சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கியிருப்பவர் ஆகிவிடும், ஜூமின்ஹ்யோவும் காப்பீடும் ஆட்டம் காணும்.

கவாசாகிவாசிகளுக்கு ஷின்-யுரிகவோகா ஸ்டேஷன் பக்கம் ஆசாவோ வார்டில் இமிக்ரேஷனின் கிளை இருக்கிறது, டோக்கியோவின் ஷினகவா இமிக்ரேஷன் அலுவலகம் வரை போய் வரிசையில் நிற்க வேண்டாம். விண்ணப்பப் படிவம், கேள்வித்தாள், பிறப்புச் சான்று, குடும்பம் முழுவதும் உள்ள ஜூமின்ஹ்யோ, பெற்றோர் இருவரின் கார்டு, பாஸ்போர்ட், உங்கள் பணிச் சான்று, வரிச் சான்றுகள். வரிச் சான்று எடோகவாவிலிருந்து வர வேண்டும் என்பதால் பிரசவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட் கேட்பார்கள், ஆனால் அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். தூதரகத்தில் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று காரணம் எழுதினால் போதும். பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருந்து 30 நாளைத் தவறவிடாதீர்கள். கட்டணம் இல்லை. பின்னால் பாஸ்போர்ட்டில் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் வந்தால் 14 நாளுக்குள் இமிக்ரேஷனில் திருத்த வேண்டும். மேலே பெயருக்கு அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

இந்தியத் தரப்பில் ஒரு வருடம் கெடு. குடியுரிமைச் சட்டம் 1955-இன் 4-ஆவது பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை, பெற்றோர் இந்தியர் என்பதாலேயே இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், அது டெல்லி வரை போய்வரும் வேலை. பலரும் நேராகப் பாஸ்போர்ட் தளத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வரிசை இது: முதலில் இந்தியக் குடியுரிமைத் தளத்தில் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம், அதன் பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பம், அச்செடுத்த இரண்டிலும் பெற்றோர் இருவரின் கையெழுத்து. ஜப்பானியப் பிறப்புச் சான்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பு, இருவரின் பாஸ்போர்ட், கார்டு நகல், திருமணச் சான்று எடுத்துப்போங்கள். உங்களுக்கு டோக்கியோ சியோதா வார்டில் உள்ள தூதரகம்தான். கைக்குழந்தையின் புகைப்படம்தான் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது: வெள்ளைத் துணியில் படுக்கவைத்து, கண் திறந்து, யாருடைய கையும் தெரியாமல் மேலிருந்து எடுங்கள். கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான்.

பொங்கல் பயணத்துக்கு வருவோம். செப்டம்பரில் குழந்தையின் கார்டும், அக்டோபர் தொடங்குமுன் தூதரக விண்ணப்பமும் முடிந்தால் ஜனவரிப் பயணம் சாத்தியம். டிக்கெட்டைப் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு போடுங்கள். புறப்படும்போது குழந்தையிடம் பாஸ்போர்ட், சைரியு கார்டு இரண்டும் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறவருக்கு முன் அனுமதி வாங்காமலே மறுநுழைவு உண்டு, ஆனால் விமான நிலையத்தில் நிரப்பும் வெளியேறும் சீட்டில் 'மீண்டும் வருவேன்' என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். குழந்தைக்கும் தனிச் சீட்டு, தனிக் குறி. அதை விட்டால் அனுமதி அங்கேயே முடிந்துபோகும், திரும்பி வர மறுபடி முதலிலிருந்து தகுதிச் சான்றும் விசாவும் எடுக்க வேண்டும். கார்டு வாங்காமலே 60 நாளுக்குள் குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதன் விலையும் இதுதான்.

உங்கள் கார்டு பிப்ரவரி 12-இல் முடிகிறது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பு, நவம்பர் 12 முதல், புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முதல் வாரத்திலேயே கொடுங்கள். வேலை மாறிய பிறகு வரும் முதல் புதுப்பிப்பு என்பதால் புதுக் கம்பெனியின் காகிதங்கள் எல்லாம் கேட்டு, புது விண்ணப்பம் போலவே ஆராய்வார்கள். இதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள, புது வேலை உங்கள் விசாவுக்குப் பொருந்துகிறது என்று இப்போதே இமிக்ரேஷனில் ஒரு சான்று வாங்கலாம். கட்டாயமில்லை. முன்பு செய்த அதே மாதிரி புரோகிராமிங் வேலை என்றால் வேண்டாம், விற்பனை, மேற்பார்வை என்று வேலையின் தன்மை மாறியிருந்தால் வாங்குவதே நல்லது. 2025 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்புக் கட்டணம் கவுண்டரில் 6,000 யென், ஆன்லைனில் 5,500 யென். கட்டணம் இன்னும் ஏறலாம், போகும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவுக்குள் விண்ணப்பித்துவிட்டு முடிவு வராமல் இருந்தால், கார்டு முடிந்த பிறகும் இரண்டு மாதம்வரை, அல்லது முடிவு வரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை தங்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய்வரலாம், ஆனால் புதுக் கார்டை வாங்கும்போது நீங்கள் ஜப்பானில் இருக்க வேண்டும். எனவே ஜனவரி கடைசிக்குள் திரும்பும்படி வையுங்கள். மனைவியின் விண்ணப்பத்தையும் உங்களோடு சேர்த்தே கொடுங்கள், குழந்தையின் கார்டில் என்ன தேதி இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள், ஒரே வீட்டில் வேறு வேறு தேதி வருவதுண்டு.

புதுக் கார்டு கைக்கு வந்ததும் மை நம்பர் கார்டையும் எடுத்துக்கொண்டு நகஹாரா வார்டு ஆபீஸுக்கு ஒரு நடை. வெளிநாட்டவரின் மை நம்பர் கார்டு விசா முடியும் நாளோடு செத்துவிடும். விசா நீண்டதும் அது தானாக நீளாது. பழைய தேதி முடியும் முன்னால் போனால் இலவசமாக நீட்டித் தருவார்கள், அதற்குள் முடிவு வராவிட்டால் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் காட்டி இரண்டு மாதம் தள்ளிக்கொள்ளலாம். தேதி கடந்துவிட்டால் புது அட்டைக்கு 1,000 யென், வாரக்கணக்கில் காத்திருப்பு. 2024 டிசம்பர் 2-க்குப் பிறகு பழைய மாதிரி காப்பீட்டு அட்டை புதிதாகத் தருவதில்லை, அந்த வேலையை மை நம்பர் கார்டுதான் செய்கிறது. அதனால் அந்த வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால், மாற்றுத் தகுதிச் சான்றைக் கம்பெனியின் காப்பீட்டில் கேட்டு வாங்க வேண்டும்.